தடம் மாறுவது வேறு, தடுமாறுவது வேறு

வீட்டிலே ஒரு கையில் கரும்பும் இன்னொரு கையில் ரிமோட்டுமாக உட்கார்ந்துகொண்டு, "இவரு எப்ப முடிப்பாரு, படத்தை எப்ப போடுவாங்க" என்று காத்துக்கொண்டிருக்கிற தொலைக்காட்சி நேயர்களே! (சிரிப்பு)

இன்றைய தலைப்பு, "வாழ்வில் உயர்வது கற்ற தொழிலைக் கடைசிவரை பற்றி நிற்பவரா? துணிந்து தடம் மாறுபவரா?" இதில் நடுவர் என்னைத் தடம் மாறுபவரே என்கிற அணியில் போட்டிருக்கிறார். என்னைப் பாருங்க. தமிழில் இளங்கலை, தமிழில் முதுகலை, தமிழில் முனைவர் பட்டம். இருபத்தெட்டு வருஷமா ஒரே கல்லூரி, ஒரே வகுப்பறை, ஒரே நாற்காலி. அந்த நாற்காலிக்குக் கால் மாறியிருக்கு, எனக்குத் தடம் மாறினதில்லை! (சிரிப்பு) திண்டுக்கல்லில் ஒரே தெருவில் குடியிருக்கிறேன். டீக்கடையைக்கூட மாத்தாத ஒருத்தனைப் பிடிச்சு, "துணிந்து மாறுங்கள்"னு பேசச் சொன்னா, நடுவருக்கு என் மேலே ஏதோ பழைய பகை இருக்குன்னுதான் நினைக்கிறேன்.

ஆனா ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுதான் நான் இந்தப் பேச்சைத் தொடங்கணும். இதே தலைப்பு, போன ஆடி மாசம் எங்க வீட்டுக் கூடத்தில் நடந்தது. நடுவர் கிடையாது, கைதட்டல் கிடையாது. அன்னைக்கு நான் எதிரணி. இப்போ எதிரணித் தலைவர் அம்மா அவர்கள் பேசினாங்களே, அதில் பாதி அன்னைக்கு நான் பேசினதுதான். அவங்களாவது நாகரிகமாப் பேசினாங்க. நான் கத்தினேன்.

என் மகள் பொறியியல் படித்தவள். பெங்களூரில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். என்ன வேலை? செல்போனில் நாம தொடுகிறோமே திரை, அதிலே எந்தப் பொத்தான் எங்கே இருக்கணும், எந்த எழுத்து எவ்வளவு பெரிசா இருக்கணும் என்று வடிவமைக்கிற வேலை. எனக்கு அது ரொம்ப நாள் புரியவே இல்லை. "பொண்ணு என்ன பண்ணுது?"ன்னு யாராவது கேட்டா, "பெங்களூர்ல கம்ப்யூட்டர்"னு சொல்லிடுவேன். கேட்டவருக்கும் அதுக்கு மேலே தெரியாது, சொன்ன எனக்கும் தெரியாது. (சிரிப்பு)

அந்த மகள் ஒரு நாள் வந்து நின்று, "அப்பா, வேலையை விட்டுட்டேன். பெண்களுக்கான கைப்பை செய்யப்போறேன்" என்றாள். "கைப்பையா? ஏம்மா, பை தைக்கிறதுக்கா உன்னை இன்ஜினியரிங் படிக்க வச்சேன்?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லலை. அதுக்கப்புறம் நானும் திண்டுக்கல் பூட்டு மாதிரி வாயைப் பூட்டிக்கிட்டேன். அந்த வாயோடு இன்னைக்கு இந்த அணியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றால், நடுவே ஏதோ நடந்திருக்கணும் இல்லையா? அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வழக்குக்கு வருவோம்.

எதிரணித் தலைவர் அம்மா அவர்கள் ஒரு பழமொழியைப் போட்டு எங்களை மடக்கினாங்க. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான். நல்ல பழமொழி. நானும் மகளிடம் இதைத்தான் சொன்னேன். ஆனால் இரண்டு மரம் கண்ட ஒரு தச்சனுடைய கதையை நான் சொல்லப்போகிறேன். அவன் வெட்டின மரம் உலகத்தில் கோடிக்கணக்கான கைகளில் இருக்கிறது.

சுவிட்சர்லாந்து நாடு. கடிகாரத்துக்குப் பேர்போன ஊர். பல்சக்கரமும் சுருள்வில்லும் வைத்து ஓடுகிற கடிகாரத்தை அப்பனும் மகனும் பேரனுமாகத் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். எதிரணிக்குப் பிடித்த மாதிரி, கற்ற தொழிலைக் கடைசிவரை பற்றி நின்ற ஊர். 1969 டிசம்பர் 25ஆம் தேதி, ஜப்பானில் சைக்கோ கம்பெனி குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரியில் ஓடும், நேரம் துல்லியமாகக் காட்டும். விலை அன்றைக்கு நாலரை லட்சம் யென்! ஒரு கார் வாங்கலாம். சுவிஸ்காரர்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவர்களுக்கு அந்தத் தொழில்நுட்பம் தெரியாது என்று இல்லை. நூஷாடெல் ஊரில் இருந்த அவர்களுடைய ஆய்வகத்திலேயே 1967ல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் மாதிரியைச் செய்து பார்த்துவிட்டார்கள். கையில் இருந்தது, மனசில் இல்லை. "நம்ம தொழில் சக்கரமும் சுருளும்தான்" என்று இருந்தார்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் குவார்ட்ஸ் விலை மளமளவென்று சரிந்தது. 1970 வாக்கில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் இருந்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர். 1980களின் நடுவில் மிஞ்சினவர்கள் ஏறக்குறைய 30,000 பேர். மூன்றில் இரண்டு பேருக்கு வேலை போச்சு.

எதிரணி நண்பர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். தடம் மாறினால் கவிழ்ந்துபோவான், பற்றி நின்றால் பாதுகாப்பு என்றீர்களே. அந்த 60,000 பேர் தடம் மாறியா கவிழ்ந்தார்கள்? ஒரு தடமும் மாறாதவர்கள் ஐயா! அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். காலுக்குக் கீழே இருந்த பாதை நகர்ந்துபோச்சு. (கைதட்டல்)

இப்போ நம்ம தச்சன் வருகிறான். பெயர் எல்மர் மோக். கடிகாரப் பொறியியல் படித்தவர். அதோடு நிற்காமல் பிளாஸ்டிக் பொறியியலும் படித்தார். அந்தக் காலத்தில் ஒரு சுவிஸ் கடிகாரக்காரன் பிளாஸ்டிக் படிக்கிறது என்றால், நம்ம ஊரில் தங்க ஆசாரி தகரம் தட்டக் கற்றுக்கொண்ட மாதிரி. சொந்தக்காரன் பெண் கொடுக்கமாட்டான்! (சிரிப்பு)

கடிகார எந்திரங்களைச் செய்கிற ஈட்டா என்ற கம்பெனியில் வேலை. அங்கே மோக், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கிற ஒரு மிஷின் வேண்டும் என்று கேட்டு எழுதினார். விலை சுமார் 5 லட்சம் பிராங்க். கம்பெனியோ ஆளைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. தலைவர் எர்ன்ஸ்ட் தோம்கே கூப்பிட்டு அனுப்பினார், "எதுக்கய்யா இது?" என்று கேட்பதற்கு. சந்திப்புக்குச் சில மணி நேரம்தான் இருக்கிறது. சொல்ல ஒரு காரணம் வேண்டுமே! மோக்கும் அவருடைய நண்பர் ஜாக் முல்லரும் உட்கார்ந்து, அவர்கள் மனசில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பிளாஸ்டிக் கடிகாரத்தை அவசரமாகப் படம் வரைந்தார்கள். 1980 மார்ச் 27. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வரைந்த படம். திட்டுவதற்குக் கூப்பிட்ட தலைவர் அந்தப் படத்தைப் பார்த்தார். "செய்யுங்கள்" என்றார்.

என்ன இருந்தது அந்தப் படத்தில்? சாதாரணக் கடிகாரத்தில் உள்ளே ஒரு தகடு இருக்கும். அதன்மேல் எந்திரத்தைப் பூட்டி, அதைத் தூக்கிக் கூட்டுக்குள் வைப்பார்கள். இவர்கள், கூட்டின் அடிப்பகுதியையே தகடாக்கிவிட்டார்கள். எல்லாப் பாகத்தையும் மேலே இருந்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வரலாம். கடைசியில் மேல்மூடியை ஒலியலையால் ஒட்டி மூடிவிடலாம். தொண்ணூறுக்கு மேல் இருந்த பாகங்கள் 51 ஆகக் குறைந்தன. இதிலே அடித்தட்டே தகடு என்கிற யோசனை அவர்கள் கண்டுபிடித்தது இல்லை. அதே கம்பெனி 1979ல் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் ஒரு தங்கக் கடிகாரம் செய்தபோதே வந்துவிட்டது. பணக்காரன் கைக்கு மெல்லிசாகச் செய்யக் கண்டுபிடித்ததை, இவர்கள் பாமரன் கைக்கு மலிவாகச் செய்யத் திருப்பினார்கள். அதைத் திருப்புவதற்குக் கடிகாரமும் தெரிந்திருக்கணும், பிளாஸ்டிக்கும் தெரிந்திருக்கணும். ஒரு மரம் மட்டும் கண்ட தச்சனால் அது முடியாது!

அதுதான் ஸ்வாட்ச். 1982ல் அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் வைத்து விற்றுப்பார்த்தார்கள். சரியாகப் போகவில்லை. அப்படியே விட்டிருந்தால் நம்ம எதிரணிக்கு ஒரு நல்ல உதாரணம் கிடைத்திருக்கும். (சிரிப்பு) விடவில்லை. 1983 மார்ச் 1ஆம் தேதி சூரிச் நகரத்தில் 12 மாதிரிகளோடு வெளியிட்டார்கள். விலை 50 பிராங்குக்குள். மணி காட்டுகிற கருவியாக விற்கவில்லை, சட்டைக்குப் பொருத்தமாகப் போட்டுக்கொள்கிற அணிகலனாக விற்றார்கள். சிவப்புச் சட்டைக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம். சேலைக்கு ஏற்ற வளையல் என்று நம்ம வீட்டுப் பெண்கள் எத்தனையோ காலமாகச் செய்வதை, கடிகாரத்தில் செய்தார்கள். ஆண்டுக்கு இரண்டு தடவை புதுசு புதுசாக வடிவம். 1992ல் பத்துக் கோடியாவது ஸ்வாட்ச் வந்துவிட்டது. அந்தக் கம்பெனியை 1985ல் துணிந்து கையில் எடுத்த நிக்கோலஸ் ஹாயெக் யார்? கடிகாரக் குடும்பமா? லெபனானில் பிறந்து, கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தவர். அவரும் தடம் மாறியவர்தான். மோக் என்ன ஆனார்? ஸ்வாட்ச் கொடிகட்டிப் பறந்த 1986ல் அதை விட்டு வெளியே வந்து, பீல் நகரத்தில் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். ஜெயித்த இடத்திலிருந்தும் மாறினார்!

இந்த இடத்தில் நான் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த ஒட்டின கடிகாரத்தைத் திறந்து பழுது பார்க்க முடியாது. நின்றால் நின்றதுதான். எங்க ஊர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு கடிகாரம் பழுது பார்ப்பார். என் கல்யாணக் கடிகாரத்துக்கு உயிர் கொடுத்துக்கொண்டே இருந்தவர். இப்போ அந்தக் கடை இல்லை. உலகம் தடம் மாறும்போது ஓரத்தில் யாரோ ஒருத்தர் கடையைச் சாத்துகிறார். எங்கள் கட்சியிலும் இந்தக் குறை இருக்கிறது. எதிரணி இதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள், நானே சொல்லிவிட்டேன். (கைதட்டல்)

வெளிநாட்டுக் கதை எதுக்கு, நம்ம ஊரில் இல்லையா என்று கேட்பீர்கள். ஓசூருக்குப் போங்க. 1984ல் டாடா நிறுவனமும் நம்ம தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கின கம்பெனி டைட்டன். குவார்ட்ஸ் கடிகாரம் செய்ய வந்த கம்பெனி, 1990களில் நகை செய்யப் போனது. தனிஷ்க் என்று பெயர். கடிகாரக் கம்பெனி நகைக்கடை ஆனது தடம் மாற்றம்தானே! ஆனால் சிறு உலோகத்தை நுணுக்கமாகக் கையாளுகிற பழக்கம் இரண்டுக்கும் ஒன்று. பொருள் மாறிச்சு. பழக்கம் கூடவே போச்சு.

இப்போ கைப்பைக்கு வருகிறேன். அதே சூரிச் நகரம். ஸ்வாட்ச் வந்து பத்து வருஷம் கழித்து, 1993. மார்க்குஸ், டேனியல் என்று பிரைடாக் குடும்பத்து அண்ணன் தம்பி இரண்டு பேர். கிராபிக் டிசைனர்கள். போக்குவரத்து சைக்கிளில். வரைந்த படங்களைத் தூக்கிக்கொண்டு போனால் மழையில் நனைகிறது. நனையாத பை வேண்டும். வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெரிய பாலத்தில் லாரிகள் ஓடுகின்றன. லாரியில் என்ன இருக்கிறது? தார்ப்பாய்! எந்த மழைக்கும் நனையாத தார்ப்பாய். பழைய தார்ப்பாய் ஒன்றை வாங்கிவந்து, வீட்டுக் குளியல் தொட்டியில் போட்டுக் கழுவி, வெட்டிப் பை தைத்தார்கள். ஓரத்துக்குச் சைக்கிள் டியூப். தோளில் மாட்டுகிற வாருக்குக் கார் சீட் பெல்ட்.

நாமக்கல்லில் இல்லாத லாரியா? நாம பார்க்காத தார்ப்பாயா? நெல் காயப்போட்டோம். பந்தல் போட்டோம். பழசானால் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை போட்டோம். அவர்கள் பார்த்த பார்வை வேறு. ஒரு லாரித் தார்ப்பாயில் பெரிய எழுத்தும் வண்ணமும் இருக்கும். அதில் எந்த இடத்தை வெட்டினால் அழகாக வரும் என்று கண்டுபிடிப்பது யார் வேலை? படம் வரைகிறவன் வேலை! ஒவ்வொரு பையும் தனித்தனியாகத் தேர்ந்து வெட்டுவதால், ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. வரைகலையை விட்டுவிட்டுப் பை தைக்கப் போனார்கள் என்று சொல்லாதீர்கள். தாளில் வரைந்தவர்கள் தார்ப்பாயில் வரைகிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பை நியூயார்க்கில் இருக்கிற நவீனக் கலை அருங்காட்சியகம் வரைக்கும் போய்விட்டது. இங்கே நாம மஞ்சப்பையைக் கேவலம் என்று மறைத்து வைத்தோம். 2021ல் அரசாங்கமே வந்து "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம் நடத்திச் சொல்லவேண்டியதாப் போச்சு. (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, என் கட்சி இதுதான். தடம் மாறுவது வேறு, தடுமாறுவது வேறு. கற்றதைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறவன் தடம் மாறுகிறான். கற்றதைத் தூக்கி எறிந்துவிட்டு, அடுத்தவன் சம்பாதிக்கிறான் என்பதற்காக ஓடுகிறவன் தடுமாறுகிறான். எதிரணியில் சொன்ன தோல்விக் கதை அத்தனையும் தடுமாறினவர் கதை. அந்தக் கணக்கை எங்கள் பேரில் எழுதாதீர்கள்.

இனி, பாக்கி வைத்த கதைக்கு வருகிறேன்.

என் மகள் எங்க ஊரிலேயே ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தாள். இரண்டு தையல் மிஷின், இரண்டு பெண்கள். முதலில் ஒரு கடைக்கு நாற்பது பை கொடுத்தாள். இருபத்திரண்டு திரும்பி வந்தது. ஜிப் வாய் பிளந்துகொண்டது. எனக்கு உள்ளுக்குள்ளே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு சந்தோஷம். பெத்த அப்பனுக்கு வரலாமா அந்தச் சந்தோஷம்? வந்தது. அவள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து இருபத்திரண்டையும் பிரித்துத் தைத்தாள். அவ அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "போன்ல தப்பு இருந்தா ராத்திரியோட ராத்திரியா திருத்தி எல்லாருக்கும் அனுப்பிடலாம்மா. பையில அது முடியாது. ஒவ்வொண்ணையும் கையில எடுத்துத்தான் திருத்தணும்." அவளுடைய பழைய தொழில் உதவாத இடமும் இருக்கிறது, அதையும் அவள் கற்றுக்கொள்கிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒரு மாசம் கழித்து, என் மனைவி வத்தலக்குண்டு போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வந்தாள். தோளில் மகள் தைத்த பை. வந்ததும் வராததுமா, "என்னங்க, பஸ்ல ஒரே கூட்டம். ஒரு கை கம்பியில. இன்னொரு கையாலேயே பையைத் திறந்து டிக்கெட்டுக்குக் காசு எடுத்துட்டேங்க. பையைப் பார்க்கக்கூட இல்லை" என்றாள்.

நான் அன்னைக்குத்தான் பல மாசம் கழித்து மகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "அது எப்படிம்மா?" என்றேன். அவள் சொன்னாள்: "அப்பா, ஒரு கையில போன் பிடிச்சா கட்டைவிரல் எங்க எட்டும், எங்க எட்டாதுன்னு ஆறு வருஷம் அளந்தேன். பஸ்ல நிக்கிற பொம்பளைக்கு ஒரு கை கம்பிக்குப் போயிடும். மிச்சம் ஒரு கைதான். அந்தக் கட்டைவிரல் எட்டுற இடத்துல சில்லறைக்கு அறை வச்சேன். வேற ஒண்ணும் இல்லப்பா."

வேற ஒண்ணும் இல்லையாம்! இருபத்தெட்டு வருஷம் வகுப்பெடுத்த எனக்கு அன்னைக்கு ஒரு வகுப்பு எடுத்தாள். அவள் தொழிலை விடவே இல்லை. திரையில் இருந்த கட்டைவிரலைப் பைக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

அவள் ஜெயித்துவிட்டாளா? இல்லை. போன மாச வாடகைகூடப் பழைய சேமிப்பிலிருந்துதான் போயிருக்கிறது. ஒருவேளை தோற்றும் போகலாம். எல்லாருக்கும் ஸ்வாட்ச் வாய்க்காது. ஆனால் அவளைப் பற்றி யாராவது கேட்டால், இன்னைக்கு வரைக்கும் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் தெரியுமா? "பெங்களூர்ல கம்ப்யூட்டர்." மாறினது அவள். அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் நின்றது நான். (அரங்கில் அமைதி)

அதனால், இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிற என் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும், என் மைத்துனருக்கும், எங்க தெரு டீக்கடைக்காரருக்கும் சேர்த்து இந்த மேடையிலேயே சொல்கிறேன். என் மகள் பெங்களூரில் இல்லை. திண்டுக்கல்லில் பை தைக்கிறாள். நல்ல பை. (நீண்ட கைதட்டல்)

வீட்டுக் கூடத்தில் நடந்த பட்டிமன்றத்தில் நான் தோற்றுவிட்டேன், நடுவர் அவர்களே. அந்தத் தோல்வியை ஒப்புக்கொண்டு இங்கே அணி மாறி வந்து நிற்கிறேன். என் வாழ்க்கையில் நான் மாறின முதல் தடம் இதுதான். இதிலாவது என்னைத் தடுமாற விடாமல், துணிந்து தடம் மாறுபவரே வாழ்வில் உயர்வார் என்று தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.